எரிநட்சத்திரம் விழும்போது சத்தம் கேட்டவர்கள் உண்டா?

தட்டோன் பையன்:
டிசம்பர் மாதம், அறுப்பு முடிந்து களத்தில் நெல் காவல். நானும் மாமாவும். அந்த நாட்களில் நிறைய விழும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் வேறு மாதிரி. நல்ல பச்சை. வைக்கோல் போரின் நிழல் தரையில் ஓடியது, அவ்வளவு வெளிச்சம். கூடவே தாளிக்கிற மாதிரி "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். "பச்சை மரத்தைப் பாருடா, இல்லாவிட்டால் மறதி வரும்" என்று மாமா என் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவருக்கும் கேட்டதாம். விடிந்ததும் வரப்பு வரப்பாகத் தேடினோம், ஒன்றும் இல்லை. வேறு யாருக்காவது கேட்டிருக்கிறதா?

யாங்கூன் வாத்தியார்:
தம்பி, வரப்பில் எப்படிக் கிடைக்கும்? விழுவது நட்சத்திரமே இல்லை. பெரும்பாலும் மணல் பருக்கை அளவுத் தூசி. உங்களுடையது கூழாங்கல் அளவு இருந்திருக்கலாம். டிசம்பர் 13, 14-ல் வருவது ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்தது. விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது முன்னால் இருக்கிற காற்று நசுங்கிக் கொதித்து, துகள் மேலேயே ஆவியாகிவிடும். சத்தம் என்பது பிரமை. 90 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி இறங்கி வர நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். மாமா சுருட்டு பற்றவைத்திருப்பார்.

தட்டோன் பையன்:
மாமா சுருட்டைத் தொடுவதே இல்லை சார்.

மோல்மீன் அக்கா:
வாத்தியாரே, அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். வானியலாளர் ஹாலியும் 1719-ல் இதைக் கற்பனை என்றுதான் ஒதுக்கினார். ஆனால் 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பெரிய எரிகல்லின் ஒளி சீராக இருக்காது, படபடவென்று துடிக்கும். அந்த ஒளி பட்டு காய்ந்த இலை, தலைமயிர், துணி எல்லாம் லேசாகச் சூடேறி ஆறும்போது பக்கத்துக் காற்று அதிர்கிறதாம். ஒளி உடனே வந்துவிடும், அதனால் சத்தமும் கூடவே கேட்கும். தம்பி வைக்கோல் போருக்குப் பக்கத்தில்தானே நின்றார்? எனக்குச் சத்தம் கேட்டதில்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டைமாடியில் பார்த்தேன், கோடு மறைந்த பிறகும் அதன் தடம் புகை மாதிரி வளைந்து நெளிந்து நின்றது. அது என்னவென்று இன்றுவரை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை.

முடோன்காரன்:
நான் பார்த்தது மே மாத விடியற்காலையில், ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி. ஒன்றே ஒன்று, வானத்தில் பாதியைக் கடந்தது. சரி, பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில யோசனை. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். மே என்றால் 5, 6 தேதி, விடிவதற்கு முன். டிசம்பர் என்றால் நடுராத்திரி தாண்டி இரண்டு மணிவாக்கில், அவை கிளம்பி வருவதுபோல் தெரியும் மிதுன ராசி உச்சிக்கு வரும். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும், பாய் விரித்து மல்லாந்து படுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது வேண்டும், அதற்குள் ஒருமுறை போனைப் பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்து. நிமிஷக்கணக்கில் மெதுவாக ஆரஞ்சு நிறத்தில் மிதந்தால் அது பர்மிய விளக்குத் திருவிழாவான தசாங்டைனில் விடுகிற பலூன், வேண்டுதல் எல்லாம் வைக்காதீர்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றுங்கள். கொசுவலைக்குள் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, போர்த்திக்கொண்டு வெளியே வாருங்கள்.