பிரிட்டனில் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறை: தனியாக இருக்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பரில் வந்திறங்கியவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஆபீஸோ காலேஜோ மூடிவிடும், கூட இருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள், நான் மட்டும் என்ன செய்வது? கடன் வாங்கியாவது ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். டிசம்பர் நடுவில் விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிட்டு பிப்ரவரியில் போங்கள். அப்போதும் அதே அம்மா அப்பாதான் இருப்பார்கள்.

டிசம்பர் 25 அன்று இந்த நாடு எந்த அளவுக்கு மூடிக்கிடக்கும் என்பது முதல் வருடம் யாருக்கும் உறைப்பதில்லை. நம்மூர் பந்த் நாள் கூட இதற்கு முன்னால் திருவிழா. அன்று ரயில் கிடையாது. லண்டனில் டியூப் என்கிற சுரங்க ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. 24ஆம் தேதி மாலையே வண்டிகள் சீக்கிரம் நின்றுவிடும். 26 அன்றும் பல தடங்களில் ரயில் ஓடாது, தண்டவாள வேலைகளை இந்த நாட்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டரைத் தாண்டிய பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். தெருமுனைச் சின்னக் கடை திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அரிசி, பால், தயிர், பாராசிட்டமால் எல்லாம் 23க்குள் வீட்டில் இருக்கட்டும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அடுத்த மாதத்துக்கானதை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். வீட்டில் கரண்டுக்கும் கேஸுக்கும் முன்கூட்டியே பணம் போடுகிற ப்ரீபேமென்ட் மீட்டர் என்றால் அதையும் டாப்அப் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் சுலபமான பகுதி. உண்மையான சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. அந்த வாரம் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், எடின்பரோவில் இன்னும் சீக்கிரம். குளிர்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. இங்கே மாலை ஐந்தரை என்றால் அங்கே இரவு பதினொன்று. வீடியோ காலில் அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டே "சரிப்பா, நாங்க படுக்கிறோம்" என்று வைத்த பிறகும் உங்களுக்கு ஆறு மணி நேர இருட்டு மிச்சம் இருக்கும். பேச ஆள் கிடையாது, வெளியே போக வண்டி கிடையாது, கடை கிடையாது. பகல் எப்படியோ ஓடிவிடும். அடிப்பது இந்த ஆறு மணி நேரம்தான். அதனால் திட்டம் போடுவதென்றால் 25ஆம் தேதி மாலைக்குப் போடுங்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ நண்பர்கள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்களுக்கு இரவு ஏழு என்றால் டொரண்டோவில் பகல் இரண்டு.

ஆனால் போனை விட ஆள் நல்லது. டிசம்பர் முழுக்க ஆபீஸில் எல்லோரும் "கிறிஸ்துமஸுக்கு என்ன பிளான்?" என்று கேட்பார்கள். கௌரவம் பார்த்து "சும்மா ரெஸ்ட்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். "தனியாகத்தான் இருக்கிறேன், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கூப்பிடுகிற மனம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் நம்மைப் போல "அட, வாங்க, வந்துதான் ஆகணும்" என்று மூன்று தடவை வற்புறுத்த மாட்டார்கள். மரியாதைக்கு ஒரு தடவை "பரவாயில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் உடனே சரி என்று சொல்லுங்கள்.

போகும் வீட்டில் மதியச் சாப்பாடுதான் பெரிய விஷயம், ஒரு மணிக்கு என்றால் மூன்றுக்கும் ஆரம்பிக்கலாம். மூன்று மணிக்கு டிவியில் மன்னரின் உரை வரும். 1932இல் ரேடியோவில் தொடங்கிய வழக்கம். மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் காகிதக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு முனையை நீங்களும் மறுமுனையைப் பக்கத்தில் இருப்பவரும் பிடித்து இழுத்தால் 'பட்'டென்று வெடித்து உள்ளிருந்து ஒரு காகிதக் கிரீடமும் ஒரு மொக்கை ஜோக்கும் விழும். எண்பது வயதுத் தாத்தாவும் கிரீடத்தை மாட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார், நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்திருக்கலாம். மின்ஸ் பை என்கிற சின்னப் பலகாரத்திலும் கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் உலர்பழம்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பி வருவது எப்படி என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், டாக்சி கிடைத்தால் கட்டணம் எகிறும்.

அழைப்பு வரவில்லையா? நீங்களே கூட்டுங்கள். உங்களைப் போலவே தங்கிவிட்ட நாலு பேர் எப்படியும் இருப்பார்கள். 24 மாலையே வந்து 26 அன்று கிளம்புகிற மாதிரி ஒரே வீட்டில் கூடுவதுதான் வண்டி இல்லாத நாளுக்குச் சரியான வழி. போர்வையை அவரவரே கொண்டு வரட்டும். ஆளுக்கு ஒரு சமையல் பொறுப்பு, பிரியாணிக்கு மட்டும் தெரிந்தவர்.

கிறிஸ்தவர்கள் நள்ளிரவு ஆராதனைக்குக் கடைசி ரயிலை நம்பி தூரத்துத் தமிழ்ச் சபைக்குப் போக வேண்டாம், நடக்கிற தூரத்தில் இருக்கும் ஆலயத்துக்கே போங்கள். முன்பின் தெரியாதவரையும் வரவேற்பார்கள். மற்றவர்களுக்கு இது மார்கழி. லண்டனில் ஹைகேட் முருகன், விம்பிள்டன் பிள்ளையார் கோயில்களில் விடுமுறை நாட்களில் தமிழ் முகங்களைப் பார்க்கலாம். 25 அன்று என்றால் கார் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தாக வேண்டும். வீடற்றவர்களுக்காக 'கிரைசிஸ்' அமைப்பு நடத்தும் கிறிஸ்துமஸ் முகாம்களில் தொண்டு செய்யலாம். ஆனால் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பே பதிய வேண்டும்.

வெயில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை வீட்டுக்குள் தூங்கிக் கழிக்காதீர்கள். பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். குளிர்காலத்தில் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ். நம் நிறத்தவருக்கு வருடம் முழுக்கவே அந்த யோசனைதான். மனசு ரொம்பவே கனத்துப் போனால், மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான சமாரிட்டன்ஸின் 116 123 எண்ணை அழையுங்கள். இலவசம், கிறிஸ்துமஸ் இரவிலும் எடுப்பார்கள். "ரொம்பப் பெரிய பிரச்சினை இருந்தால்தான் கூப்பிடணும்" என்றெல்லாம் இல்லை. உடம்புக்கு முடியவில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111. ஆபத்து என்றால் 999.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பல நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தைப் பண்டிகைக்கு முன்பே போட்டுவிடும். அடுத்தது ஜனவரி கடைசியில்தான், நடுவில் வாடகை வரும். பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிக்கும் மாணவர்களுக்கு: கல்விப் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் என்ற வேலை வரம்பு, பல்கலைக்கழகம் அறிவித்த விடுமுறைக்குத்தான் தளரும். வகுப்பு இல்லை என்பதாலேயே விடுமுறை ஆகிவிடாது. கூடுதல் ஷிஃப்ட் ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் படிப்புக்கான தேதிகளைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி, கேர் ஹோம், கடை வேலையில் இருப்பவர்கள் கவனிக்க: இந்த நாட்டில் பேங்க் ஹாலிடே என்கிற பொது விடுமுறை அன்று லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்றோ அதிகச் சம்பளம் தர வேண்டும் என்றோ சட்டம் கிடையாது, எல்லாம் உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதுதான். இதில் நமக்கு ஒரு வசதி. கிறிஸ்துமஸ் ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காமல் மேனேஜர் தவித்துக்கொண்டிருப்பார். "25 நான் பார்த்துக்கொள்கிறேன், ஜனவரியில் பொங்கலுக்கு எனக்கு இரண்டு நாள் கொடுங்கள்" என்று இப்போதே பேசி, ரோட்டா என்கிற ஷிஃப்ட் அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள்.