டெக்சஸ் ஏ அண்ட் எம்: அந்தத் தீயைத் திரும்ப மூட்ட வேண்டுமா?

டல்லாஸ் அப்பா

பையனுக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பொறியியல் கிடைத்திருக்கிறது. போன சனிக்கிழமை குடும்பத்தோடு அது இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்குப் போய் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். எதிரில் வருகிற பிள்ளைகள் எல்லாரும் "ஹவ்டி" என்கிறார்கள். முன்பின் தெரியாதவனுக்கு இத்தனை கும்பிடு விழுவதைக் கல்யாண மண்டப வாசலில்தான் பார்த்திருக்கிறேன். மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர் முன்னால் வீட்டம்மா குறுக்கு வழியாகப் புல்லில் கால் வைக்கப் போனார்கள். ஒரு பையன் ஓடி வந்து, போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவுக்கான புல் இது, இதில் யாரும் நடப்பதில்லை என்று பணிவாகச் சொன்னான். கட்டடத்துக்குள் தொப்பி போடக் கூடாதாம். அதுவும் அவர்களுக்காகத்தான்.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. நெருடுவது ஒன்றுதான்: பான்ஃபயர், மாணவர்களே மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கிக் கொளுத்தும் பெருந்தீ. 1999 நவம்பரில் மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் சரிந்து 12 பேர் இறந்துபோனார்கள். 2024-ல் அதை வளாகத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்து, அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மார்க் வெல்ஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாமல் வெளியே ஒரு நிலத்தில் மாணவர்கள் இன்னமும் அடுக்குகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து பையன் முகமே சரியில்லை. ரொம்பப் பிரகாசமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்தத் தீயில் அப்படி என்னதான் இருக்கிறது?

மெரூன் தம்பி

வாழ்த்துகள் சார். நான் 2009 பேட்ச். தைரியமாக அனுப்புங்கள்.

1907-ல் பழைய பெட்டி, குப்பை, உடைந்த கட்டை என்று கையில் கிடைத்ததைக் குவித்துக் கொளுத்தியதுதான் ஆரம்பம். பிறகு ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு ஆண்டுதோறும் ஆடும் கால்பந்தாட்டத்துக்கு முன்னால் கொளுத்துவது என்று நிலைத்துவிட்டது. (இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, குழம்ப வேண்டாம்.) 1935-ல் பிள்ளைகள் ஒரு விவசாயியின் தானியக் கொட்டகையையே பெயர்த்து வந்து குவியலில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நிர்வாகமே கோடாரி, ரம்பம், லாரி எல்லாம் கொடுக்க ஆரம்பித்தது. 1969-ல் 109 அடிக்கு மேல் போனது. உச்சியில் ஆஸ்டின்காரர்களின் ஆரஞ்சு நிறம் பூசிய கழிப்பறைக் கூண்டு ஒன்று வேறு.

நான் படித்தபோது வளாகத்துக்குள் கிடையாது, 2002-லிருந்து வெளியேதான். நாலு வருஷமும் போனேன். விடியும் முன்பே காட்டுக்குப் போய், ஒரு மரத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி வெட்டி, ஏழெட்டுப் பேர் தோளில் சுமந்து வந்து வண்டியில் ஏற்றுவோம். எனக்கு முன்னால் ஒரு பண்ணைக்காரர் மகன், பின்னால் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி மகன். செப்டம்பரில் என் பெயரைச் சொல்லத் தெரியாதவர்கள் நவம்பரில் அம்மா அனுப்பிய முறுக்கில் என் பங்கையும் சேர்த்துத் தின்றார்கள். வெளியே நின்று பார்த்தால் விளங்காது, உள்ளே போனால் விளக்க வராது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. வளாகத்துக்குள் திரும்ப வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஹூஸ்டன் டீச்சர்

"விளக்க வராது" என்பது ரொம்ப வசதியான பதில் தம்பி. நான் விளக்கிப் பார்க்கிறேன். இருபது வருஷமாக இந்த மாநிலத்தில் வரலாறு நடத்துகிறேன்.

1876 அக்டோபர் 4-ஆம் தேதி இந்தக் கல்லூரி திறந்தபோது 40 மாணவர்கள், 6 ஆசிரியர்கள். மத்திய அரசு 1862-ல் கொண்டுவந்த மாரில் சட்டப்படி கிடைத்த நிலத்தின் பணத்தில் விவசாயம், இயந்திரத் தொழில், கூடவே படைப் பயிற்சி. சேர்க்கை வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதே 1876-ல் தனியாக ஒரு கல்லூரியை ஒதுக்கிக் கொடுத்தார்கள், இன்றைய பிரேரி வியூ. இத்தனைக்கும் கல்லூரி தொடங்குவதற்கான மசோதாவை 1871-ல் ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் மேத்யூ கெய்ன்ஸ், அடிமையாகப் பிறந்து மாநில செனட்டர் ஆனவர். அவருக்கு வளாகத்தில் சிலை வைத்தது எப்போது தெரியுமா? 2021-ல். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையில் தளபதியாக இருந்த லாரன்ஸ் சல்லிவன் ராஸுக்கு 1919-லேயே வைத்தாயிற்று. பரீட்சைக்கு முன் பிள்ளைகள் ஒரு சென்ட் காசு வைத்து வேண்டிக்கொள்கிறார்களே, அது அவர் காலடியில்தான்.

அப்புறம் பெண்கள். 1963 வரை கதவு மூடியேதான் இருந்தது. அப்போதும் ஆசிரியர் மனைவி, மகள் என்று வடிகட்டித்தான் விட்டார்கள். படைப் பயிற்சி பெறும் மாணவர்களின் கேடட் படையில் 1974-ல் சேர்த்தார்கள். அதன் இசைக்குழுவுக்குள் ஒரு மாணவி நுழைய, வழக்குப் போட்டு 1985 ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்த கூச்சல் ஒன்றேதான்: பாரம்பரியம் போச்சு. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் புல்லரிப்பதில்லை.

மெரூன் தம்பி

மேடம், கேட்டது பான்ஃபயரைப் பற்றி. நீங்கள் 1876-க்கே போய்விட்டீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் எந்தக் கல்லூரி யோக்கியமாக இருந்தது? பிடிக்காதவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்வது ஒன்றுதான்: நெடுஞ்சாலை 6 இரண்டு பக்கமும் போகிறது. வந்த வழியே கிளம்பலாம்.

ஹூஸ்டன் டீச்சர்

அந்தச் சாலை வழியாகத்தான் தம்பி என் மகளை நாலு வருஷம் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். அவளும் ஏ அண்ட் எம்தான், 2016. பெட்ரோல் கணக்கு வேண்டுமானால் தருகிறேன்.

ஆஸ்டின்காரன்

எதிரணி ஆள் வந்திருக்கிறேன், கல்லெறிய வேண்டாம். கட்டடப் பொறியாளர். 1999-ல் ஆஸ்டினில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். உணர்ச்சியை விட்டுவிட்டுக் கட்டுமானத்தைப் பார்ப்போம், மறு ஆண்டு வந்த விசாரணைக் குழு அறிக்கையைப் பாடம் மாதிரி படித்திருக்கிறேன்.

பொங்கலுக்குக் கரும்புக் கட்டு வாங்கியிருப்பீர்கள். நட்டுக்குத்தலாக நிற்கிற அந்தக் கட்டை நிற்க வைப்பது கரும்பு இல்லை, சுற்றியிருக்கிற கயிறு. இப்போது அந்தக் கட்டின் தலையில் இன்னொரு கட்டை ஏற்றுங்கள். மேல் கட்டின் கரும்பு கீழ்க் கட்டின் இடுக்கில் ஆப்பு மாதிரி இறங்கும். கீழ்க் கட்டு வெளிப்பக்கம் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் முழுக்கக் கயிற்றின் மேல். 1999-ல் கல்யாணக் கேக் மாதிரி அடுக்கடுக்காக 59 அடி, 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள். ஆப்பாக இறங்கிய மரங்களின் விசையைக் கீழடுக்கின் கம்பிக் கட்டு தாங்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் கீழடுக்கைச் சுற்றி எஃகு வடமும் போட்டிருந்தார்கள், அந்த ஆண்டு அது இல்லை. நவம்பர் 18, விடிகாலை 2.42-க்கு, மேலே ஆட்கள் ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோதே சாய்ந்தது. 12 பேர் சாவு, 27 பேருக்குக் காயம்.

மரத்தைப் பொறியாளன் குறை சொல்ல மாட்டான். ஒரு கையெழுத்துப் போட்ட வரைபடம் கிடையாது. மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் காட்டிக் கொடுப்பது, அவன் அடுத்தவனுக்கு. கைமாறிக் கைமாறி உயரமும் அடுக்கும் மாறிக்கொண்டே வந்ததை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 55 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. 1994-ல் மழையில் தரை இளகிச் சாய்ந்து, பிரித்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1955-லும் 1981-லும், பான்ஃபயர் வேலையில் தலா ஒரு உயிர் போயிருக்கிறது. மணி பல தடவை அடித்திருக்கிறது.

இடிபாட்டை எடுக்க கிரேன் போட்டால் உள்ளே உயிரோடு சிக்கியிருப்பவன் மேல் கட்டை நகர்ந்துவிடும் என்று பயந்து, எத்தனையோ மரங்களைக் கையாலேயே தூக்கினார்கள். கால்பந்து அணிப் பையன்கள் பயிற்சியை விட்டுவிட்டு வந்து தூக்கினார்கள். எட்டு நாள் கழித்து, 26-ஆம் தேதி எங்கள் அணியோடு ஆட்டம். அவர்கள் 20-16 என்று ஜெயித்தார்கள். இடைவேளையில் எங்கள் இசைக்குழு தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றது. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அறையில் ஆறு பேர், ஒருத்தன் வாய் திறக்கவில்லை. தோற்றதை அப்புறம்தான் கவனித்தோம்.

மெரூன் தம்பி

அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். மேடம், நெடுஞ்சாலை பேச்சுக்கு மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது. தவறு கட்டுமானத்தில் என்றால் கட்டுமானத்தை மாற்றலாமே? இப்போது வெளியே நடப்பதில் ஒவ்வொரு மரமும் தரையைத் தொட்டு நிற்கிறது, கட்டின் தலையில் கட்டு கிடையாது. 2002-லிருந்து அப்படித்தான். நிர்வாகம் ஏற்று நடத்தினால் வரைபடம், பரிசோதனை எல்லாம் இன்னும் ஒழுங்காக வரும். வெளியே தள்ளிவிட்டு நமக்குச் சம்பந்தமில்லை என்பதுதான் ஆபத்து. நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்று பார்த்தா பிள்ளைகள் கோடாரி எடுக்கிறார்கள்?

ஆஸ்டின்காரன்

கடைசி வாக்கியம் நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். நிர்வாகம் ஏற்றால் என்ன நடக்கும்? காப்பீட்டுக்காரர் வருவார், ஒப்பந்தக்காரர் வருவார், பதினெட்டு வயசுப் பையன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டுவான். நீ சொன்ன பண்ணைக்காரர் மகனும் உன் முறுக்கும் அதில் எங்கே வரும்? பிள்ளைகளே கட்டுவதுதான் அதன் ருசி. பிள்ளைகளே கட்டுவதுதான் அதன் ஆபத்தும். இரண்டையும் பிரித்தால் மிஞ்சுவது ஒரு பெரிய விறகுக் குவியல். வெல்ஷ் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் "பாரம்பரியத்தைத் தொடக் கூடாது" என்கிறவர்கள் ஏர்ல் ரடரை நினைத்துக்கொள்ளுங்கள். 1932-ஆம் ஆண்டு பழைய மாணவர், 1944-ல் நார்மண்டியில் பாயிண்ட் து ஹாக் பாறைமேல் ரேஞ்சர் படையை ஏற்றிச் சென்றவர். அவரைவிட உள்ளாள் உண்டா? 1959-ல் தலைவராகி, பெண்களையும் கறுப்பினத்தவரையும் உள்ளே விட்டது, பெயரைப் பல்கலைக்கழகம் என்று மாற்றியது, எல்லாரும் கட்டாயம் கேடட் ஆக வேண்டும் என்றிருந்ததை 1965-ல் எடுத்தது, எல்லாம் அவர் காலத்தில்தான். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். இன்று 70,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அதில் கேடட்டுகள் ஒரு சின்னப் பங்கு. அப்படியும் படை இருக்கிறது, விரைப்பாகத்தான் இருக்கிறது.

ஹூஸ்டன் டீச்சர்

ரடரைப் பற்றி நானே எழுத நினைத்தேன், முந்திக்கொண்டீர்கள்.

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். எனக்கு எல்லாமே பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. மகள் படித்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி சில்வர் டாப்ஸுக்குக் கூட்டிப் போனாள். போன மாதம் இறந்த மாணவர்களுக்காக மாதத்தின் முதல் செவ்வாய் நடப்பது. பத்தரை மணிக்கு அந்தப் பகுதியின் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஆயிரக்கணக்கான பேர் நடந்து வருகிறார்கள், செருப்புச் சத்தம் மட்டும். ஒரு கைப்பேசி வெளிச்சம்கூட இல்லை. ஒரே மாதிரி நடையில் படைப்பிரிவு வந்து மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட்டது. பிறகு எங்கிருந்தோ ஊதுகொம்பு. வடக்கே ஒரு தடவை, தெற்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை. கிழக்கே ஊதவில்லை. ஏன் என்று மகளை அப்புறம் கேட்டேன். இறந்தவனுக்கு இனி சூரியன் உதிக்காதும்மா என்றாள். அந்த மாதம் இறந்தவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்தவர். முதலாண்டுப் பையனுக்கு எப்படியோ அவருக்கும் அப்படியே. கார் வரைக்கும் நாங்கள் பேசவில்லை.

இதற்குக் கோடாரியும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். இந்த மாதிரியானதை நான் கேள்வி கேட்கவே மாட்டேன்.

மெரூன் தம்பி

கேட்க மாட்டீர்களா மேடம்? ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. முதல் சில்வர் டாப்ஸ் யாருக்காக நடந்தது தெரியுமா? 1898-ல், தலைவராக இருந்தபடியே இறந்துபோன சல்லிவன் ராஸுக்காக. உங்கள் காசுச் சாமிக்குத்தான்!

ஹூஸ்டன் டீச்சர்

தெரியும். அன்றைக்கு ராத்திரி ஊதுகொம்பு ஊதும்போது ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வந்தது. என்ன செய்ய, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆஸ்டின்காரன்

டல்லாஸ் சார், ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது பையனைப் பான்ஃபயர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போங்கள். 2004-ல் திறந்தது, கோபுரம் விழுந்த அதே இடம். வட்டமாக 12 வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்த ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. காயம்பட்ட 27 பேருக்கும் வாசல்களை இணைக்கும் வட்டத்தில் ஆளுக்கொரு கல். ஒரு வாசலுக்குள் போய் நின்றேன். உயரம் என் ஆளை விழுங்குகிறது, அப்பால் வெறும் புல்வெளியும் வானமும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவனே படித்துக்கொள்வான். வேலை கற்றுக்கொள்ள வந்த பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல்.

மெரூன் தம்பி

இதை ஒப்புக்கொள்கிறேன். நான் கோடாரி எடுத்த முதல் நாளும் எங்களை அங்கே நிறுத்திவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனாலும் என் கட்சி மாறவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் அப்பா

எல்லாருக்கும் நன்றி. பையனிடம் இந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்தேன். கரும்புக் கட்டை மட்டும் இரண்டு தடவை படித்தான். முதல் வருஷம் கோடாரி வேண்டாம், இரண்டாம் வருஷம் பேசிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வீட்டம்மாவுக்கு அதிலும் திருப்தி இல்லை.

இப்போது புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கிறான். ரெவல்லி என்று ஒரு கோலி நாய், கேடட் படையிலேயே பெரிய பதவி அதற்குத்தானாம், அதை வளர்க்கிற இ-2 கம்பெனி என்ற கேடட் பிரிவில் சேரலாமா என்கிறான். இதில் ஆபத்து ஒன்றும் இல்லையே?

மெரூன் தம்பி

உயிருக்கு ஆபத்தில்லை சார். வகுப்பில் நாய் குரைத்தால் பாடம் போரடிக்கிறது, வகுப்பு முடிந்தது என்று ஐதீகம், அதனால் படிப்புக்கு வேண்டுமானால் ஆபத்து. இன்னொன்று, ராத்திரி ரெவல்லி கேடட்டின் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் எழுப்பக் கூடாது, கேடட்தான் தரையில் படுக்க வேண்டும். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு நல்ல பத்தமடைப் பாய் வாங்கி வரச் சொல்லுங்கள்.