தென்னாப்பிரிக்கா டர்பனில் வேப்பிலைச் சாறு: உங்களுக்கு என்ன ஆச்சு?

பச்சைத் தம்ளர் (சாட்ஸ்வொர்த்)
மூன்று வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துகிறது. பையனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு கொத்து இலையை ஒடித்து வந்து, "சாறு எடுத்துக் குடிக்கக் குடும்மா, சக்கையைப் பூசி விடு" என்றார். அரைத்து வடிகட்டித் தம்ளரில் ஊற்றியாயிற்று. பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். அப்போதுதான் மேடையில் கிடந்த கொத்தில் ஒரு பூ கண்ணில் பட்டது. ஊதாப் பூ! திருநெல்வேலியில் வருஷா வருஷம் வேப்பம்பூ ரசம் வைத்தவள் நான். தம்ளரைத் தட்டிவிட்டேன், சுவரெல்லாம் பச்சை. அது வேம்பே இல்லை, சிரிங்கா. பார்க்க வேம்பு மாதிரியே இருக்கும் விஷ மரம். ஆன்ட்டியிடம் சொன்னதற்கு, "எங்க ஆயா காலத்துல இருந்து இதுதான் வேம்பு" என்றார். அதற்கப்புறம் பேச்சு குறைந்துபோச்சு.

டோங்காட் கரும்பு
ஆன்ட்டியைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கூலி ஜனங்கள் வேப்பங்கன்றை மடியில் கட்டிக்கொண்டா வந்தார்கள்? இங்கே கைக்கு எட்டியது சிரிங்கா. இலையும் பார்க்க ஒத்துப்போனது. மாரியம்மனுக்கும் அதுதான், அம்மை போட்ட பிள்ளையின் தலைமாட்டுக்கும் அதுதான். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கம் கோயிலுக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப்போகிறோம். எனக்கு ஏழு வயதில் அம்மை. ஆயா மஞ்சள் தண்ணீரில் அந்த இலையைப் போட்டுத் தலையில் ஊற்றியபோது எழுந்த வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. ஆனால் ஆயா ஒரு சொட்டுக்கூட உள்ளுக்குக் கொடுத்ததில்லை. காயைக் கவணில் வைத்து அடிக்க மட்டும் எங்களுக்கு அனுமதி.

மூத்த மகள் (ஃபீனிக்ஸ்)
எங்கள் வீட்டில் இருப்பது அசல் வேம்பு, நர்சரியில் வாங்கி வைத்தது. அப்படியும் மாட்டிக்கொண்டோம். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ராத்திரி மூன்று மணிக்கு முனகல் கேட்டுப் போனால் நைட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது, கை ஐஸ். ஊசியால் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.9 (இங்கே mmol/L கணக்கு), ரொம்ப இறங்கிவிட்டது. சீனித் தண்ணீரை வாயில் ஊற்றினால், "எனக்கே சீனி குடுக்கிறியா?" என்று அந்த நிலையிலும் திட்டு. டாக்டர் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது ஒன்றுமே இல்லை என்று சாதித்தார். மறுநாள் ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் நிறைய வேப்பிலைச் சாறு. இரண்டு வாரமாகக் குடித்திருக்கிறார்.

மூலிகைப் பித்தன் (ஜோபர்க்)
என் கதை சின்னது: வெறும் வயிற்றில் கொழுந்து தின்று வாந்தி எடுத்தேன். சரி, அதை விடுங்கள்.

வேப்பிலை சர்க்கரையைக் குறைக்கும் குணம் உள்ளதுதான். இன்சுலினோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், அம்மாவுக்கு ஆனது அதுவாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகள் சாற்றைத் தொடவே வேண்டாம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுத்து வலிப்பு வந்து உயிரே போனதுண்டு. வெளிப்பூச்சு வேறு விஷயம். 1992இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் சிரங்கு வந்த 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் போயிற்று.

முதலில் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேம்பில் ஒரே ஈர்க்கு, இரண்டு பக்கமும் அரிவாள்போல வளைந்த இலை, பூ வெள்ளை. சிரிங்காவில் ஈர்க்கு மறுபடியும் கிளைக்கும், பூ ஊதா. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபிறகும் மஞ்சள் காய் கொத்தாகத் தொங்கும். அந்தக் காய்தான் பெரிய விஷம். டோங்காட் அண்ணன் கவணில் அடித்ததோடு நிறுத்தியது நல்லதாப்போச்சு. அப்புறம் அந்த மரத்தை இங்கே அரசாங்கமே அயல் களைமரமாகப் பட்டியலில் வைத்திருக்கிறது, வெட்டிவிடுவதே மேல்.

டோங்காட் கரும்பு
கோயில் இலை எடுக்கிற மரத்தை வெட்டச் சொல்ல நீங்க யாரு? தமிழ்நாட்டுலயே சித்த வைத்தியர்கள் மலைவேம்புச் சாறு கொடுக்கிறார்களே, அதுவும் இந்த ஜாதி மரம்தானே?

மூலிகைப் பித்தன் (ஜோபர்க்)
மலைவேம்பு என்ற பேரில் அங்கே இரண்டு மரம் இருக்கிறது அண்ணே. தோட்டம் போட்டுத் தடிக்கு வளர்ப்பது ஒன்று, சிரிங்கா இன்னொன்று. எதுவானாலும் வைத்தியர் அளந்து கொடுப்பதும் பக்கத்து வீட்டில் கொத்தாக ஒடித்துக் கொடுப்பதும் ஒன்றாகுமா?

பச்சைத் தம்ளர் (சாட்ஸ்வொர்த்)
சண்டை வேண்டாம். பையனுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! சிரங்குதான். கிளினிக்கில் கொடுத்த லோஷனில் போயிற்று. ஃபிரிட்ஜ் அக்கா, உங்கள் கன்று எந்தப் பக்கத்து நர்சரியில் கிடைத்தது? ஆன்ட்டிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமென்று இருக்கிறேன். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ?