எல்லையில் சண்டை முற்றினால்: அகதிகள் வந்து இறங்கும் முதல் வாரம்

சண்டை பெரிதாகும் என்ற அச்சம் கிளம்பியதும் போர்வையும் பழைய துணியும் மலையாகக் குவியும். ஆனால் 500 பேர் ஒரே இரவில் வந்து இறங்கினால் முதலில் தட்டுப்பாடாவது தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 7,500 லிட்டர். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் விடும் ஒரு குழாய் 250 பேருக்குத் தாங்கும். இரண்டு குழாய் போதும், பழுதாகும் என்று மூன்றாவதையும் போட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு இரண்டு குடமாவது கொடுக்காமல் குழாய் மட்டும் போட்டால் வரிசை நகராது.

*

மேலே சொன்ன தண்ணீரில் குளோரின் கலப்பதையும் சேர்க்கிறேன், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். 65 முதல் 70 சதவீதம் குளோரின் உள்ள தூளில் 15 கிராம் எடுத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் ஒரு சதவீதக் கரைசல். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூள்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நான்கு 20 லிட்டர் வாளித் தண்ணீரில் இந்தக் கரைசலை முறையே 1, 1.5, 2, 2.5 மில்லி விட்டுக் கலக்கி, 30 நிமிடம் கழித்து மிச்சக் குளோரினை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் காட்டும் வாளியின் அளவே உங்கள் அளவு. 2 மில்லி வாளி சரியாக வந்தால் 1,000 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி. கலங்கல் தண்ணீரில் இது பலிக்காது, குளோரினை அழுக்கே தின்றுவிடும். முதலில் தெளிய வைத்து மேல்நீரை எடுங்கள். சாதாரண பிளீச்சிங் பவுடரில் குளோரின் பாதியளவே இருக்கும், மூட்டையைத் திறந்தபின் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். அதற்கு இந்த 15 கிராம் கணக்கு செல்லாது.

*

கழிப்பிடம்: முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று. தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள், கிணற்றிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால். உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லையென்றால் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் முகாம் தோற்றுப்போவது இப்படித்தான்.

*

வந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்துவிடுவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரைக்கடியில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும். 6க்கு 8 மீட்டர் வகுப்பறையில் 13 பேர்தான். அதில் நாற்பது பேரை அடைத்தால் சொறியும் இருமலும் பரவும், தட்டம்மை ஒரு குழந்தைக்கு வந்தால் நிற்காது. ஆகவே 6 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மைத் தடுப்பூசியை வந்தவுடனே போட வேண்டும். பள்ளி பாடத்துக்காக எப்போது திரும்பத் திறக்கும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். அந்தத் தேதி இல்லாததால்தான் ஊராருக்கும் வந்தவர்களுக்கும் மனக்கசப்பு முளைக்கிறது.

*

அடுத்து, முகாமுக்கான இடத் தேர்வு. வந்தவர்கள் எல்லையை விட்டு நகர மனமின்றி நிற்பார்கள், நாளையே வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கை. அது புரிகிறது. ஆனாலும் முகாம் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சண்டை நகர்ந்தால் குண்டு முகாமில் விழும், படைக்கு ஆள்பிடிப்பவர்களும் எளிதாக நுழைவார்கள். ஆயுதத்தோடு வருபவரிடம் ஆயுதத்தை வாங்கி, அவரைக் குடும்பங்களோடு சேர்க்காமல் தனியே தங்க வையுங்கள்.

வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது போரிடும் தரப்பின் கைக்குப் போனால் ஊரில் மிஞ்சிய உறவினருக்கு ஆபத்து. தனியே வந்த குழந்தையை, மாமா என்று சொல்லி வருபவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டாம். குழந்தையையும் அவரையும் தனித்தனியே விசாரித்து, வீட்டார் பெயர்கள், ஊர், பிரிந்த இடம் மூன்றும் ஒத்துவருகிறதா என்று பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே அனுப்புங்கள்.