டி51: ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட எஞ்சின், ஓடுபவை ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி (இரணியல்):
வணக்கம். 2019-இல் இஐஆர்-21 என்னும் பழைய நீராவி எஞ்சின் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடியபோது என் மகனை அழைத்துச் சென்று காட்டினேன். அன்று தொடங்கிய ஆர்வம் இப்போது ஜப்பானின் டி51 வகை வரை வந்துவிட்டது. ஒரே வகையில் இத்தனை எஞ்சின்களை ஏன் கட்டினார்கள், மிஞ்சியவற்றில் ஓடுபவை ஏன் ஒன்றிரண்டு மட்டுமே என்று கேட்கிறான். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (தக்கலை):
1936 முதல் 1945 வரை ஜப்பான் அரசு ரயில்வேக்கு மட்டும் 1,115 எஞ்சின்கள் கட்டப்பட்டன. வடிவமைப்பில் முதன்மையானவர் ஹிதேயோ ஷிமா. பின்னாளில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் திட்டத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவரும் அவரே. பெயரிலுள்ள 'டி' என்பது இணைந்து சுழலும் நான்கு அச்சுகளைக் குறிக்கும். 1,067 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதையில், மலை ஏற்றங்களில், சரக்கு இழுக்க வேண்டியிருந்ததால் எடையைப் பல அச்சுகளில் பரப்பி அமைத்தார்கள். முன்னே 2, நடுவில் இயக்கும் சக்கரங்கள் 8, பின்னே 2 என்னும் இந்த 2-8-2 அமைப்புதான் நம் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்ஜி வகை நீராவி எஞ்சினுக்கும். முதலில் வந்த 95 எஞ்சின்களின் முதுகில் நீண்ட மூடி இருந்ததால் அவற்றை 'நமேகுஜி', அதாவது ஓடில்லாத நத்தை, என்று அழைத்தார்கள். போர்க்காலத்தில் உலோகம் கிடைக்காமல் புகை விலக்கும் தகடுகளைக்கூட மரத்தில் செய்தார்கள்.

பதில் (குளச்சல்):
ஓய்வுபெற்ற எஞ்சின்கள் ஊர்ப் பூங்காக்களுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கப்பட்டதால்தான் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. ஆனால் வழங்கியதோடு காப்பு முடிந்துவிடுவதில்லை. உப்புக்காற்றில் வள்ளத்தின் இரும்பு என்னவாகும் என்று நமக்குத் தெரியும். கூரையின்றி மழையிலும் பனியிலும் நிற்கும் எஞ்சினுக்கும் அதுவே கதி. கொதிகலனைச் சுற்றிய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறையை அகற்றுவதும் பெருஞ்செலவு. கூரைக்குள் இருந்தாலும் ஆபத்து உண்டு: 1975 டிசம்பர் 24 அன்று ஹொக்கைடோவில் கடைசி நீராவிச் சரக்கு ரயிலை இழுத்த டி51 241, அடுத்த ஆண்டே ஷெட்டில் பற்றிய தீயில் அழிந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

ஓட வைக்க வேண்டுமென்றால் கொதிகலன் அழுத்தத்தைத் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். அதை விடாமல் சோதித்துப் பழுது பார்க்கும் கைகளும் வேண்டும். குன்மா மாநிலத்தின் கோகான் நிலையத்தருகே காட்சிக்கு நின்ற டி51 498-ஐ அப்படித்தான் மீட்டெடுத்து 1988-இல் ஓட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானுக்கு வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்னும் ஐரோப்பியச் சொகுசு ரயிலை அது இழுத்தது. டி51 200 மீண்டும் பயணிகளை ஏற்றியது 2017-இல், யமகுச்சி பாதையில்.

பதில் (தக்கலை):
உங்கள் மகனை என்றாவது ஜப்பானுக்கு அழைத்துச் சென்றால் கியோட்டோவின் உமேகோஜி ஷெட்டைத் தவறவிடாதீர்கள். 1972 முதல் நீராவி எஞ்சின்களுக்கென்றே காக்கப்படும் அந்த வட்டக் கொட்டகையில்தான் முதல் எஞ்சினான டி51 1 நிற்கிறது.