நாய்க்குட்டி வெளிய போகவே மாட்டேங்குது, வீட்டுக்குள்ள வந்துதான் உச்சா போகுது, அவசரம் உதவுங்க

கதிர்_88
யாராச்சும் ஐடியா குடுங்க. குட்டியை கீழ கூட்டிட்டுப் போனா சும்மா மோந்து பாத்துட்டே நிக்குது, அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் போகாது, மேல வந்து கதவைச் சாத்துன உடனே வாசல் கால்மிதி மேல உக்காந்துடுது. தினமும் இதே கதைதான். எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா யாருக்காவது குடுத்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ப்ளீஸ்.

வேளச்சேரி_அக்கா
வயசு என்னப்பா? ஆணா பொட்டையா? "எல்லாம் பண்ணியாச்சு"ன்னா என்னென்ன பண்ணீங்க?

டாமி_அப்பா
பால் குடுக்கறீங்களா? மொதல்ல அதை நிறுத்துங்க. நெறைய குட்டிங்களுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயித்தால போகும். எங்க டாமிக்கு பாலை நிறுத்துனதும் எல்லாம் சரியாப் போச்சு.

வேளச்சேரி_அக்கா
அவர் உச்சா பத்தி கேக்கறார் சார், வயித்தால போறதைப் பத்தி இல்ல.

கென்னல்_குரு
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. குட்டி வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும். குட்டியால எவ்ளோ நேரம் அடக்க முடியும்னு தெரியுமா? மாசத்துக்கு ஒரு மணி நேரம்னு தோராயமா வச்சுக்கோங்க, மூணு மாசக் குட்டின்னா மூணு மணி நேரமே ஜாஸ்தி. தூங்கி எழுந்ததும், சாப்ட்டு கால் மணி நேரத்துலயும், விளையாடி முடிச்சதும் கூட்டிட்டுப் போகணும். இது அடிப்படை. இதுகூட தெரியாம வளர்க்க வந்தா குட்டி என்ன பண்ணும்.

சுப்பு_திருச்சி
தப்பான எடத்துல போச்சுன்னா கையோட புடிச்சு மூக்கை அதுல தேச்சு ஒரு அதட்டு அதட்டுங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான்.

வேளச்சேரி_அக்கா
அய்யோ அதை மட்டும் பண்ணாதீங்க. இங்க போகக்கூடாதுன்னு அதுக்குப் புரியாது, மனுஷங்க முன்னாடி போனா அடி விழும்னுதான் புரியும். அப்புறம் கட்டிலுக்கு அடியில, சோபா பின்னாடின்னு ஒளிஞ்சு போகும். நீங்க பெல்ட்டைப் புடிச்சுட்டு பக்கத்துல நிக்கறப்போ போகவே போகாது. கதிர், நீங்க திட்டுனீங்களா? வெளிய உங்க முன்னாடி அடக்கறதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம்.

பினு_நாகர்கோவில்
எதை வச்சு துடைக்கறீங்க? பினாயில் போட்டா நமக்குத்தான் வாசம் போகும், நாய் மூக்குக்கு அந்த எடம் அப்படியே தெரியும். கடையில என்சைம் கிளீனர்னு கிடைக்குது, அது உள்ள இருக்கற யூரிக் ஆசிடையே உடைக்கும். இன்னொண்ணு, உச்சா மேல பிளீச்சிங் பவுடர் கொட்டாதீங்க. ரெண்டும் சேந்தா வர்ற நெடி நெஞ்சை அடைக்கும், நமக்கும் ஆகாது குட்டிக்கும் ஆகாது.

கதிர்_88
சாரி வேலைல இருந்தேன். மூணு மாசம் ஆகப்போகுது, பொட்டை. கன்னி நாய், பிரவுன் கலர். கோவில்பட்டி பக்கம் சொந்தக்காரங்க தோட்டத்துல இருந்து எடுத்துட்டு வந்தோம். சென்னைல மூணாவது மாடி. பகல்ல அம்மா இருக்காங்க. அடிக்கல, ரெண்டு மூணு தடவ சத்தம் போட்டேன். பினாயில்தான் போடறோம்.

கரிசல்காரன்
தம்பி பிரவுன்னா அது கன்னி இல்ல, சிப்பிப்பாறை. கன்னின்னா கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலயும் கால்லயும் செம்பழுப்பு இருக்கும்.

டாமி_அப்பா
ரெண்டும் ஒரே ஜாதிதாங்க, கலர்தான் வேற. ஒரே ஈத்துல ரெண்டு கலரும் விழும், நானே பாத்திருக்கேன்.

கரிசல்காரன்
கலந்து விட்டா விழத்தான் செய்யும். எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க ரெண்டையும் தனித்தனியாத்தான் காப்பாத்தி வந்தாங்க. இப்போ கழுத்து நீளமா ஒல்லியா இருந்தாலே சிப்பிப்பாறைன்னு வித்துடறாங்க.

கென்னல்_குரு
எதுவா இருந்தா என்ன, முயல் விரட்டுற நாயைக் கொண்டுபோய் மூணாவது மாடியில அடைக்கறதே தப்பு. ஓடறதுக்கு எடம் இல்லாம அது என்ன பண்ணும்.

கரிசல்காரன்
அப்படி இல்லைங்க. தினமும் காலைல ஒரு நல்ல ஓட்டம் விட்டா மீதி நேரம் சுருண்டு தூங்குற நாய் அது. வீட்டுக்குள்ள அமைதியா இருக்கும். நாட்டு நாயை சிட்டில யாரும் வளர்க்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே எல்லாரும் ஹஸ்கி வாங்கி ஏசில வச்சிருக்காங்க.

பினு_நாகர்கோவில்
2005-ல நாட்டு நாய்ங்களுக்குத் தபால்தலை விட்டப்போகூட நம்ம பக்கத்துல ராஜபாளையத்துக்குத்தான் வந்துச்சு, சிப்பிப்பாறைக்கு வரல. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு.

வேளச்சேரி_அக்கா
எல்லாரும் ஒரு நிமிஷம் விஷயத்துக்கு வாங்க. கதிர், தோட்டத்துல குட்டிங்களை எதுல படுக்க வச்சிருந்தாங்க? சாக்கா, வைக்கோலா, வெறும் மண்ணா? கால்மிதியைத் தவிர வேற எங்கயாவது போகுதா? டைல்ஸ் மேல?

கதிர்_88
டைல்ஸ்ல போகாது. கால்மிதி, பாத்ரூம் மேட், ஒரு தடவ கீழ விழுந்த துண்டு மேல. தோட்டத்துல மோட்டார் ரூம்ல சாக்கு போட்டுதான் வச்சிருந்தாங்க.

வேளச்சேரி_அக்கா
அப்போ எனக்கு இதுதான் தோணுது. குட்டிங்க மொத ரெண்டு மாசத்துல எது மேல போய்ப் பழகுதோ அதையே கால்ல தேடும். இதுக்கு சாக்குதான் கக்கூஸ். கீழ நீங்க கூட்டிட்டுப் போற எடம் சிமெண்டா இருக்கும், அதான் எடம் தேடி மோந்துட்டே நிக்குது. உள்ள வந்தா சொரசொரன்னு கால்மிதி, அதுக்கு எடம் கிடைச்சுடுச்சு. அது வீம்பு பண்ணல.

வீட்டுல இருக்கற மேட், கால்மிதி அத்தனையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து உள்ள வைங்க. ஒரு அரிசிச் சாக்கு, சணல் சாக்குதான், பிளாஸ்டிக் இல்ல, மொட்டை மாடில ஒரு மூலைல விரிங்க. உச்சா துடைச்ச துணியை அது மேல கொஞ்சம் ஒத்தி எடுங்க, வாசம் இருக்கணும். தூங்கி எழுந்ததும் தூக்கிட்டுப் போய் அது மேல விட்டுட்டு பேசாம நில்லுங்க, கொஞ்சவும் வேணாம் அதட்டவும் வேணாம். போய் முடிச்ச அந்த நொடியிலயே வாயில ஒரு துண்டு வேகவச்ச கோழி குடுங்க, கீழ வந்து குடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது. போனதும் உடனே உள்ள தூக்கிட்டு வந்துடாதீங்க, கொஞ்ச நேரம் விளையாட விடுங்க, இல்லன்னா போனா விளையாட்டு முடிஞ்சுடும்னு அடக்க ஆரம்பிக்கும். பழகின அப்புறம் சாக்கை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிச் சின்னதாக்கி, பக்கத்துல மண் தொட்டி வச்சு மாத்திக்கலாம்.

பினு_நாகர்கோவில்
தடுப்பூசி எத்தனை ஆச்சு? முடியற வரைக்கும் தெருநாய் நடமாடுற மண்ணுல எறக்காதீங்க, பார்வோன்னு குட்டிங்களுக்கு வாந்தி, ரத்தபேதி வர வைக்கிற கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதுக்கும் மாடிதான் நல்லது. நாலு மாசம் வரைக்கும் பூஸ்டர் இருக்கு, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, ரெண்டையும் விட்டுடாதீங்க.

கென்னல்_குரு
பொட்டைக் குட்டி. நீர்த்தாரைல தொற்று இருக்கான்னு பாக்காம சாக்கு வெட்டிட்டு உக்காந்திருக்கீங்க. சொட்டுச் சொட்டா அடிக்கடி போனாலோ, நக்கிட்டே இருந்தாலோ, நெறம் மாறி இருந்தாலோ வெட் கிட்ட போங்க.

வேளச்சேரி_அக்கா
இது சரியான பாயிண்ட், கதிர் கவனிங்க. ஆனா கால்மிதியைத் தேடிப் போய் போறதைப் பாத்தா பழக்கம்னுதான் தோணுது, இருந்தாலும் தொற்று இல்லன்னு அதை வச்சு மட்டும் சொல்ல முடியாது.

கரிசல்காரன்
தம்பி, அம்மா குடுக்கச் சொன்னா எனக்குச் சொல்லுங்க, ஊர்ல தோட்டம் இருக்கு. ஆனா அவசரப்படாதீங்க, இந்த ஜாதி ஒருத்தர்கிட்ட ஒட்டுனா மாத்தி ஒட்டறது கஷ்டம்.

சுப்பு_திருச்சி
சணல் சாக்கு இப்போ எங்க கிடைக்குது? எல்லாம் பிளாஸ்டிக் சாக்கா இருக்கு.

டாமி_அப்பா
வெங்காய மண்டில கேளுங்க.

கதிர்_88
மேட் எல்லாம் எடுத்தாச்சு. மண்டில சாக்கு வாங்கி மாடில போட்டேன், இன்னைக்கு காலைலயும் சாயங்காலமும் அது மேலயே போச்சு. ராத்திரி மட்டும் ஒரு தடவ ஹால்ல போயிடுச்சு. ரெண்டாவது ஊசி சனிக்கிழமை. அம்மா இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல. ரொம்ப நன்றிக்கா.

வேளச்சேரி_அக்கா
நல்லதுப்பா. ராத்திரி சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிச்சுடுங்க, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நடுவுல அலாரம் வச்சு ஒரு தடவ மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. தண்ணியை மட்டும் நிறுத்தாதீங்க, வெயில் காலம்.