புகார்ப் பெட்டியில் போட்ட சீட்டு எங்கே போகிறது?

பனியன் கம்பெனிகளில் இந்தப் பெட்டி பெரும்பாலும் ஹெச்.ஆர். அறை வாசலில், கேமரா பார்வையில்தான் மாட்டியிருக்கும். ஆலையைச் சோதிக்க வரும் ஆடிட்டருக்குக் காட்ட வசதி. ஆனால் யார் துணிந்து சீட்டுப் போடுவார்கள்? கழிப்பறைக்குப் போகும் வழியில், கேமரா படாத சுவரில் மாட்டுங்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி நிர்வாகத்திடம், இன்னொன்று தொழிலாளர் பிரதிநிதியிடம். வாரம் ஒருநாள், அறிவித்த நேரத்தில், இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும்.

சீட்டை அப்படியே லைன் (தையல் வரிசை) சூப்பர்வைசரிடம் கொடுத்து "என்னன்னு பாருங்க" என்றால் எல்லாம் கெட்டது. முப்பது பேர் லைனில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். விஷயத்தை மட்டும் வரிசை எண்ணோடு பதிவேட்டில் ஏற்றிவிட்டு, சீட்டை உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். "பாத்ரூம் போக டோக்கன் கேக்கறாங்க" என்று வந்தால் அந்த ஒரு லைனை விசாரிக்காதீர்கள், எல்லா லைனையும் பாருங்கள். ஏழு நாளுக்குள் நோட்டீஸ் போர்டில் பதில் வர வேண்டும்: எண், புகார், செய்தது, பொறுப்பாளர், தேதி. முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்றே இரண்டு வாரம் ஒட்டினால் மூன்றாம் வாரம் பெட்டி காலி. ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் வேலை செய்யும் இடத்தில் அந்த மொழிகளிலும் ஒட்டுங்கள்.

— மேலே சொன்னதோடு ஒன்று. பழிவாங்கல் வேலைநீக்கமாக வருவது குறைவு. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) குறையும், பழகாத மெஷினுக்கு மாற்றுவார்கள், கேட்ட லீவு கிடைக்காது. பெயர் சொல்லிப் புகார் தந்தவருடைய ஓ.டி., லைன் மாற்றம், லீவுப் பதிவுகளை மூன்று மாதமாவது ஹெச்.ஆர். சரிபார்த்தால்தான் அடுத்தவர் வாய் திறப்பார்.

— பாலியல் தொல்லைக்கு இந்தப் பெட்டி வழியல்ல. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், தலைவர் பெண், விசாரணைக்கு 90 நாள். அப்படியொரு சீட்டு வந்துவிட்டால் அன்றே மூடிய உறையில் அந்தக் குழுத் தலைவர் கைக்குப் போக வேண்டும்.

மற்ற குறைகளுக்கு, 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இருபது தொழிலாளர் முதல் குறைதீர் குழு கேட்கிறது: பத்து பேருக்கு மிகாமல், இரு தரப்பும் சமமாக, 30 நாளில் முடிவு. சட்டத்துக்காக சூப்பர்வைசர் கைகாட்டியவர்களை உட்கார வைத்தால் குழு ஆடிட் கையெழுத்தோடு நின்றுவிடும். திண்டுக்கல்லில் ஆடை ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2022இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், தொல்லைகளைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்களைத் தொழிலாளர்களிடையே இருந்தே தொழிற்சங்கம் தேர்ந்தெடுத்தது, 25 பேருக்கு ஒருவர். கண்காணிப்பாளர் அதே தளத்தில் வேலை செய்யும் தொழிலாளி என்பதால் புகாரை எழுதவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்து மெஷினில் சொன்னால் போதுமாக இருந்தது.